இருநூற்று ஐம்பது சொற்களுக்கு மிகாமல்

இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு
அடைபடும் திருச்சி மாநாட்டின் வாசல்.
இப்போது எட்டே கால்.
கோட்டாறு சந்தைக்குப் பின்னால் மாடியறை.
ஆடிக்காற்று ஜன்னல் கொக்கியைப் பிடித்து
ஆட்டிக்கொண்டே இருக்கிறது.
கரண்ட் இரண்டு முறை போய்வந்தாயிற்று.

மணக்குடிப் பொழியிலிருந்து ராஜாக்கமங்கலம் துறை வரை
அறுபத்து மூன்று கிணறு, பதினான்கு மாதம்,
ஸ்கூட்டியின் காலடியில் குப்பிகள் கலகலக்க
நான் ஓடிய ஓட்டம் மொத்தத்தையும்
சுருக்கித் தருக என்கிறார்கள்.

முதல் வரி:
தண்ணீர் உயிர்களுக்கு இன்றியமையாதது.
அழித்தேன்.
நாற்பது பேராவது இதையே அனுப்பியிருப்பார்கள்.
தேர்வுக்குழுவில் ஒருவர் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தாலும்
இந்த வரியைக் குடிக்கமாட்டார்.

பிறகு எழுதினேன்:
இந்தக் கரையோரக் கிணறுகளில் உப்பு
எந்த மாதம் ஏறுகிறது என்று
இதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை.
இது நின்றது.

குலசேகரத்திலிருந்து பிரபின் தாஸ் கூப்பிட்டான்.
இந்தக் கட்டுரையில் பாதிப்பேர் அவனுடையது.
அவன் பேச்சுக்குப் பின்னால் தகரக்கூரையில் மழை.
"கடைசில, முடிவுகள் விவாதிக்கப்படும்னு போட்டா போதும்லா?"
போதாது பிரபின்.
கண்டதைச் சொல்லாமல் காணப்போவதைச் சொல்வது
பந்தல் போட்டுவிட்டுப் பெண் பார்க்கப் போவது மாதிரி.

'கணிசமாக' என்ற சொல்லைத் தூக்கினேன்.
அது இருந்த இடத்தில் ஒரு எண்ணை வைத்தேன்:
நாற்பத்தொன்று.
'மிகவும்' நான்கு இடத்தில் இருந்தது,
நான்கும் போயிற்று, ஒன்றும் குறையவில்லை.
'முன்னோடி முயற்சி' என்பதைத் தூக்கத்தான்
கொஞ்சம் நேரமானது.

நடுவில் ஒரு உவமை வந்தது.
புத்தளம் உப்பளத்தில் கடலைப் பாத்தி கட்டி
வெயிலுக்கு விடுகிறார்களே,
வற்றி மிஞ்சும் வெள்ளைதான் சுருக்கம் என்று.
அழகாகத்தான் இருந்தது.
உப்பால் கெட்ட கிணறுகளை எழுதும் கையால்
உப்பைப் புகழ வரவில்லை.
விட்டுவிட்டேன்.

திறவுச்சொற்கள் ஐந்து.
நிலத்தடி நீர், உவர்மை, கடற்கரை, பருவமழை,
ஐந்தாவதாக: ஓரு.
"அது யாருக்குடீ மனசிலாவும்?"
அந்த அறுபத்து மூன்று வீட்டுக்கும் மனசிலாகும்.
அவர்கள் மாநாட்டுக்கு வரமாட்டார்கள் என்று
அவன் சொல்லவில்லை.
எனக்கும் தெரியும்.

பத்தரை.
இருநூற்று நாற்பத்தேழு சொற்கள்.
திரும்பப் படித்தேன், வாய்விட்டு, வெளியாள் போல.
'அறுபத்திரண்டு கிணறுகளின் மாதிரிகள்'
என்ற இடத்தில் குரல் தானாக இறங்கியது.

முப்பத்தெட்டாம் கிணறு புஷ்பலீலா வீட்டில்.
மூன்று மாதம் கயிறு விட்டு அவரே கோரித் தந்தார்.
நான்காம் மாதம் போனபோது
கிணற்று வாய்க்குக் கான்கிரீட் பலகை,
அதன்மேல் காயவைத்த மரவள்ளி வற்றல்.
"ஓரு வெள்ளத்த வச்சு என்னத்துக்கு?
பிள்ள ஏதும் விழுந்துரப்பிடாதுல்லா."
கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் தந்தார்,
நான் குப்பியைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு குடித்தேன்.

அட்டவணையில் அந்த வரிசை
மூன்று எண்கள், பிறகு பதினோரு கோடு.
விடுபட்ட தரவு என்று அதற்குப் பெயர்.
தரவு விடுபடவில்லை,
கிணறுதான் விடுபட்டது.

அறுபத்திரண்டு என்பதில் பொய் கிடையாது.
எந்தத் தேர்வாளரும் கேட்கமாட்டார்.
ஆனாலும் மூன்று சொல் மிச்சம் இருந்தது,
மூன்றே மூன்று.

கிணறு ஒன்று மூடப்பட்டது.

இருநூற்று ஐம்பது என்றது எண்ணும் பெட்டி.
பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அனுப்பினேன்.
பெறப்பட்டது என்று பதில் வந்தவுடன்
மூன்றாம் முறையாகக் கரண்ட் போனது.

இருட்டில் செல்போன் மினுங்கியது, பிரபின்:
"அந்தக் கடைசி வரி எதுல சேரும்?
நோக்கமா, முறையா?"

முடிவு,
என்று அடித்தேன்.